காரின் ஏசி, ஹீட்டர் குமிழ்கள்: காற்றின் வழியைப் பின்தொடர்ந்து ஒரு விளக்கம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் கிளட்சுக்கும் கியருக்கும் நாள்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் ஏசி குமிழ்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதனால் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்தவை இரண்டே செயல்கள்தாம்: வெயில் என்றால் ஏசி பொத்தானை அழுத்துவது, குளிர் மிகுந்தால் அதை அணைப்பது. மழையில் முன்கண்ணாடி உட்புறமாக மங்கத் தொடங்கினால், ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் துணியுமாக அவர்கள் ஓட்டுவதைப் பார்க்கலாம். அந்தத் துணிக்குத் தேவையே இல்லாமல் செய்யும் ஏற்பாடு அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

விளக்கத்துக்காக, நம் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை, தானியங்கி ஏசி இல்லாமல் கையால் திருகும் குமிழ்கள் கொண்டதை எடுத்துக்கொள்கிறேன். அதில் பொதுவாக மூன்று வட்டக் குமிழ்கள் இருக்கும். ஒன்றில் விசிறிப் படமும் 0 முதல் 4 வரை எண்களும் இருக்கும். இன்னொன்றில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் வளைந்த பட்டை இருக்கும். மூன்றாவதில், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் உருவமும் அவருடைய முகத்தையோ பாதத்தையோ நோக்கிய அம்புக்குறிகளும் இருக்கும். இவற்றுடன் ஏசி என்று எழுதிய அல்லது பனித்துகள் படம் போட்ட ஒரு பொத்தானும், கார் உருவத்துக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி கொண்ட ஒரு பொத்தானும் இருக்கும். பழைய கார்களில் இந்தக் கடைசிப் பொத்தானுக்குப் பதிலாக இடமும் வலமும் நகரும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். இந்த ஐந்தும் ஐந்து தனித்தனி வேலைகளைச் செய்கின்றன. எல்லாமே "ஏசியைக் கூட்டுவது, குறைப்பது" என்ற ஒரே வேலைக்கானவை என்ற எண்ணம்தான் குழப்பங்களுக்கெல்லாம் வேர்.

காற்று எந்த வழியாக வருகிறது

குமிழ்களை மனப்பாடம் செய்வதைவிட, காருக்குள் வரும் காற்றின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிடுவது எளிது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், சல்லடை போன்ற ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் நுழைகிறது. நுழைந்தவுடன் ஒரு கதவு எதிர்ப்படுகிறது. அந்தக் கதவு ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிக்காற்று உள்ளே வரும்; மறு பக்கம் சாய்ந்தால் வெளிவழி அடைபட்டு, காருக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றே மீண்டும் உறிஞ்சப்படும். அதற்கு அடுத்து தூசியைப் பிடிக்கும் ஏசி ஃபில்டரும், காற்றைத் தள்ளும் ப்ளோயர் விசிறியும் வருகின்றன.

விசிறி தள்ளும் காற்று முதலில் கூலிங் காயில் என்று மெக்கானிக்குகள் சொல்லும் குளிர்சுருளின் ஊடே செல்கிறது. அதைத் தாண்டியதும், எஞ்சினிலிருந்து வரும் வெந்நீர் ஓடும் இன்னொரு சிறு சுருள் இருக்கிறது. ஹீட்டர் என்பது அதுதான். இந்த இரண்டாவது சுருளுக்கு முன்னால் மற்றொரு கதவு உண்டு. அது திறந்திருக்கும் அளவுக்குக் காற்றின் ஒரு பகுதி சூடான சுருளின் வழியாகவும், மீதி அதைச் சுற்றிக்கொண்டும் போய், அப்பால் இரண்டும் கலந்துவிடும். கடைசியாக, கலந்த காற்றை முகத்துக்கோ, பாதத்துக்கோ, கண்ணாடிக்கோ அனுப்பும் கதவுகள். ஆக, டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பது ஒரு விசிறி, இரண்டு சுருள்கள், சில கதவுகள், அவ்வளவே. குமிழ்கள் என்பவை அந்தக் கதவுகளின் கைப்பிடிகள்.

நீலமும் சிவப்பும்

இந்த வழியை மனத்தில் வைத்துக்கொண்டால், மிகப் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குமிழ் எது என்பது உடனே விளங்கும். நீல-சிவப்புக் குமிழை ஏசியின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் என்று பலர் நினைக்கிறார்கள். கையால் திருகும் வகைக் கார்களில் அது பெரும்பாலும் அப்படியல்ல. குளிர்சுருள் தன் போக்கில் ஒரே குளிர்ச்சியில்தான் இயங்குகிறது. அதன் மேல் படியும் நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிடாதபடி, உறைநிலைக்குச் சில டிகிரி மேலே அது நிறுத்தப்படுகிறது. நீல-சிவப்புக் குமிழ் அசைப்பது ஹீட்டர் சுருளுக்கு முன்னால் இருக்கும் கதவை மட்டுமே. குமிழைப் பாதியில் வைத்திருந்தால், ஏசியை இயக்கும் கம்ப்ரஸர் எரிபொருளைச் செலவழித்துக் குளிர்வித்த காற்றை, அடுத்த நொடியே எஞ்சினின் வெந்நீர் மீண்டும் சூடாக்குகிறது என்று பொருள்.

சித்திரை வெயிலில் மதுரையில் ஓடும் காரில் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று புகார் சொல்கிறவரின் குமிழைப் பார்த்தால், அது சில வேளைகளில் நீலத்தின் ஓரத்தில் இல்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். குழந்தை கை வைத்திருக்கும், அல்லது கார் கழுவும்போது துணி பட்டு நகர்ந்திருக்கும். கேஸ் குறைந்துவிட்டது என்று சந்தேகிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது செலவில்லாத சோதனை. கோடையில் இந்தக் குமிழை நீலத்தின் கடைசி வரை திருகி வைத்துவிட்டு, குளிர் மிகுதியானால் விசிறியின் வேகத்தைக் குறைப்பதே இத்தகைய கார்களில் சிக்கனமான முறை. சிவப்புப் பக்கம் திருகிக் குளிரைக் குறைப்பது தவறில்லை; ஆனால் குளிர்வித்ததற்குக் கொடுத்த விலை அப்படியே வீணாகிறது.

பனித்துகள் பொத்தான் செய்யும் இரண்டாவது வேலை

ஏசி பொத்தானை அழுத்தினால் எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்திருக்கும் கம்ப்ரஸர் வேலை செய்யத் தொடங்குகிறது. பானெட்டுக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம் கேட்பதும், நின்றிருக்கும் காரின் எஞ்சின் ஒரு கணம் மூச்சுத் திணறிவிட்டுச் சீராவதும் அதனால்தான். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் குளிர்பதன வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் தன் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு குளிர்சுருளுக்குள் அழுத்தம் திடீரெனக் குறையும் இடத்தில் கொதித்து ஆவியாகும்போது, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கார்களில் நீண்ட காலமாகப் பயன்படும் ஆர்-134ஏ என்ற வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்கவைக்க, காருக்குள் இருக்கும் காற்றின் சூடே போதும்.

இந்தக் கம்ப்ரஸரை ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தபடி நிறுத்த முடிவதே பிற்காலத்தில் வந்த வசதி. 1940-ஆம் ஆண்டு மாடல்களுக்காக அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய கார்களை விற்றது. அதில் கம்ப்ரஸரைத் துண்டிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். ஓட்டுநரின் கையில் இருந்தது விசிறியின் சுவிட்ச் மட்டுமே. குளிர்காலம் வந்தால் பானெட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு விரலால் அழுத்திவிட்டுப் போகும் பொத்தானின் அருமை இதை அறிந்தால் புரியும்.

அந்தப் பொத்தான் குளிர்விப்பதோடு நிற்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அது காற்றைக் காயவைக்கிறது. குளிர்ந்த மோர் ஊற்றிய செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோப்பதைப் பார்த்திருப்போம். அந்த நீர் செம்பிலிருந்து கசியவில்லை, சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்தது. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் அதைத் தாங்க முடியாமல் உதறிவிடும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். அதே காற்றை 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதனால் 7 கிராமுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. மீதமுள்ள நீர் குளிர்சுருளின் மேல் படிந்து, சொட்டி, ஒரு குழாய் வழியாகக் காருக்கு அடியில் விழுகிறது. நான் கார் வாங்கிய புதிதில், நிறுத்தியிருந்த காருக்கு அடியில் இடப்பக்கம் நீர் தேங்கியிருப்பதைக் கண்டு ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பதறி ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் அதைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வெறும் தண்ணி சார், ஏசி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் என்றால் நிறமும் லேசான பிசுபிசுப்பும் இருக்கும்.

குளிர்சுருள் முதலிலும் ஹீட்டர் சுருள் அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதன் பயன் இப்போது தெளிவாகும். இரண்டையும் ஒருசேர இயக்கினால், காற்று முதலில் தன் ஈரத்தை இழந்து, பிறகு சூடேறி, வறண்ட வெதுவெதுப்பான காற்றாக வெளிவரும். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவது கோடையில் வீண். மழையிலும் மலையிலும் அதைவிடச் சிறந்த கூட்டணி இல்லை.

வெளிக்காற்றா, உள்காற்றா

வளைந்த அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால், காருக்குள் இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுழலும். ஏற்கெனவே குளிர்ந்த காற்றை மீண்டும் குளிர்விப்பது எளிது என்பதால், கடும் வெயிலில் இதுவே விரைவாகவும் குறைந்த செலவிலும் குளிர்ச்சி தரும். புகை கக்கும் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டாலும், குப்பை எரியும் இடத்தைக் கடந்தாலும், மண் சாலையில் ஓடினாலும் இதை அழுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் அழுத்தியதை மறந்துவிடுவது நல்லதல்ல. மூடிய காருக்குள் நான்கு பேர் மூச்சுவிட்டால் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும் அது, அரை மணி நேரத்துக்குள் சில ஆயிரம் பங்குகளாக உயர்ந்துவிடக்கூடும். அந்த அளவில் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் தலை கனக்கும், கொட்டாவி வரும், கவனம் சிதறும். இரவில் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டும்போது வரும் தூக்கத்துக்குக் களைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றினால் போதும். வெயில் தாழ்ந்த பிறகு வெளிக்காற்றிலேயே விட்டுவிடுவது இன்னும் மேல்.

விசிறியும் திசையும்

விசிறியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 0-இல் இருந்தால் பல கார்களில் ஏசி பொத்தானை அழுத்தினாலும் கம்ப்ரஸர் இயங்காது, ஏனெனில் காற்று ஓடாத குளிர்சுருள் உறைந்துவிடும். தொடக்கத்தில் வேகமாகவும், குளிர்ந்த பிறகு 1 அல்லது 2-இலும் வைத்துக்கொள்ளலாம்.

திசையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஓர் இயற்கை விதியைத் தெரிந்துகொண்டால் போதும்: குளிர்ந்த காற்று கீழே இறங்கும், சூடான காற்று மேலே ஏறும். ஆகவே குளிர்ச்சி வேண்டும்போது முகத்துக்கான துளைகளைத் தேர்ந்து, அவற்றின் தகடுகளைச் சற்று மேல்நோக்கித் திருப்ப வேண்டும். காற்று தலைக்கு மேலாகப் போய்ப் பின்னிருக்கையில் இறங்கும். நேராக முகத்தில் அடிக்கும்படி வைத்தால் ஓட்டுநருக்குக் கண் எரியும், பின்னால் இருக்கும் பாட்டிக்கு வியர்க்கும். வெப்பம் வேண்டும்போது பாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய கார்களில் பின்னிருக்கைக்கென்று வைத்திருக்கும் துளைகள் பலவற்றுக்குத் தனிக் குளிர்சுருள் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்னால் உண்டாகும் குளிரைத்தான் அவை பின்னால் கடத்துகின்றன.

வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது

வெளியே 38 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெப்பம் 50 டிகிரியை நெருங்கிவிடும். இதில் ஏறியவுடன் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியை அழுத்தி, விசிறியை 4-இல் வைப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அப்படிச் செய்தால், 50 டிகிரிக் காற்றைச் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும்படி ஏசிக்குக் கட்டளையிடுகிறோம். வெளியே இருப்பதோ 38 டிகிரிதான். எனவே முதலில் கண்ணாடிகளை இறக்கி, வெளிக்காற்று நிலையில் வைத்து, ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டிச் சூடான காற்று வெளியேற விட வேண்டும். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, உள்காற்றுக்கு மாற்ற வேண்டும். நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவைத்துக் காரைக் குளிரவைத்துவிட்டுப் புறப்படுவதும் வீண் செலவே: கண்டன்சருக்கு நல்ல காற்றோட்டம் கிடைப்பதும் கம்ப்ரஸர் வேகமாகச் சுழல்வதும் கார் ஓடும்போதுதான். கிண்டி கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது குளிர் குறைந்து, பாலம் ஏறியதும் மீண்டும் கூடுவதற்கும் இதுவே காரணம். பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

கண்ணாடி மங்கும்போது

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது, ஆகவே சற்று நின்று பார்ப்போம். கண்ணாடி மங்குவது இரண்டு வகை; இரண்டுக்கும் மருந்து நேரெதிர்.

முதல் வகை உட்புறத்தில் வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போகிறோம். நனைந்த உடை, ஈரக் குடை, நான்கு பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்து உள்காற்றை ஈரத்தால் நிரப்புகின்றன. வெளியே மழை கண்ணாடியைக் குளிர்விக்கிறது. செம்பில் நீர் கோத்ததுபோல் கண்ணாடியின் உட்புறத்தில் கோக்கிறது. குளிர்கிறதே என்று ஏசியை அணைத்துவிட்டு, மழைச் சாரல் வாசனை வேண்டாம் என்று உள்காற்றுச் சுழற்சியையும் போட்டிருந்தால், சில நிமிடங்களில் முன்னால் எதுவும் தெரியாது. செய்ய வேண்டியது இதுதான்: திசைக் குமிழை, வளைந்த கண்ணாடியின் மேல் அலையலையாக அம்புகள் எழும் படத்துக்குத் திருப்ப வேண்டும், ஏசியைப் போட வேண்டும், வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும், விசிறியைக் கூட்ட வேண்டும், குளிர் தாங்காவிட்டால் நீல-சிவப்புக் குமிழைச் சிவப்புப் பக்கம் நகர்த்த வேண்டும். வறண்ட, சற்றே சூடான காற்று கண்ணாடியில் பட்டதும் திரை விலகுவதுபோல் அது கீழிருந்து மேலாகத் தெளியும். பல கார்களில் கண்ணாடிப் படத்துக்குத் திருப்பினாலே கம்ப்ரஸர் தானாக இயங்கத் தொடங்கும், உள்காற்றுக் கதவும் தானாகத் திறந்துவிடும். மழை பெய்யும்போது வெளிக்காற்று எப்படி வறண்டிருக்கும் என்று ஐயம் எழலாம். அது ஈரமானதுதான், ஆனால் உள்ளே நம் மூச்சும் ஈர உடைகளும் சேர்த்து வைத்திருக்கும் காற்றைவிட ஈரம் குறைந்தது, குளிர்சுருளைத் தாண்டும்போது மேலும் குறைந்துவிடும்.

இரண்டாவது வகை வெளிப்புறத்தில் வருவது. இது சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், புழுக்கமான இரவுகளில் நிகழும். உள்ளே ஏசி கண்ணாடியைக் குளிர்வித்துவிட, வெளியே இருக்கும் ஈரக்காற்று அதன் மேல் நீராய்ப் படிகிறது. இதைக் கண்டு பதறி, ஏசிக் காற்றைக் கண்ணாடியின் மேல் இன்னும் பலமாக அடித்தால் மங்கல் கூடவே செய்யும். எந்த வகை என்று கண்டுபிடிக்க வைப்பரை ஒரு தடவை ஓட்டினால் போதும்: துடைபட்டால் வெளிப்புறம், துடைபடாவிட்டால் உட்புறம். வெளிப்புறம் என்றால் காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கு மாற்றி, குளிரைக் குறைத்து, வைப்பரைப் பயன்படுத்த வேண்டும்.

பின்கண்ணாடிக்கு வழி வேறு. செவ்வகத்தின் மேல் அலை அம்புகள் உள்ள பொத்தான், கண்ணாடியில் பதித்த மெல்லிய கம்பிகளில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்குகிறது. மின்சாரத்தை நிறைய இழுப்பதால் பல கார்களில் சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும். அணையாத காரில் நாம் அணைக்க வேண்டும். அந்தக் கம்பிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் பிறகு பிளேடால் சுரண்டினால் கம்பி அறுந்து, அந்த வரி மட்டும் மங்கலாகவே நிற்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை

இத்தனை குமிழ்களையும் ஒரே நாளில் பழகிக்கொள்ள விரும்புகிறவருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறும் பயணம் நல்ல பள்ளிக்கூடம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் நீலக் கோடியில் குமிழும் உள்காற்றுச் சுழற்சியுமாகத் தொடங்குகிறோம். பர்லியாறு தாண்டியதும் வெளிக்காற்றுக்கு மாற்றி ஏசியை அணைக்கலாம். ஏற்றத்தில் சிறிய எஞ்சினுக்கு அது தோள் கொடுத்ததுபோல் இருக்கும். குன்னூரை நெருங்கும்போது மேகம் சாலையில் இறங்கினால், ஏசியை மீண்டும் போட்டுக் குமிழைச் சிவப்புக்கும் திசையைக் கண்ணாடிக்கும் திருப்ப வேண்டிவரும். அணைத்த ஏசியைக் குளிரில் மறுபடி போடுவதா என்று கை தயங்கும் இடம் இதுதான், தயங்காமல் போடலாம். ஊட்டியில் மார்கழி இரவு என்றால் பாதத்துக்கு ஹீட்டர்.

ஹீட்டருக்குத் தனியாகப் பெட்ரோல் செலவாவதில்லை. பெட்ரோல் எரிவதால் வரும் ஆற்றலில் பெரும்பகுதி எப்படியும் வெப்பமாகவே வெளியேறுகிறது; அதில் ஒரு பங்கைத்தான் கூலன்ட் நீர் நம் காலடிக்குக் கொண்டுவருகிறது. அதனாலேயே, விடியற்காலையில் காரைக் கிளப்பியவுடன் ஹீட்டர் சூடு தராது. எஞ்சின் வெப்பம் காட்டும் முள் சற்று மேலேறும்வரை விசிறியை 1-இல் வைத்துக் காத்திருக்க வேண்டும். மின்சாரக் கார்களில் இந்த இலவசச் சூடு கிடையாது. அங்கே ஹீட்டரும் பேட்டரியைத்தான் தின்னும், ஆகவே குளிரான ஊர்களில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும்.

ஹீட்டரின் மற்றொரு பயன் மலையேறும்போது கைகொடுக்கும். எஞ்சின் வெப்பமுள் சிவப்பை நோக்கி நகரத் தொடங்கினால், ஏசியை அணைத்து, நீல-சிவப்புக் குமிழைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்பி, விசிறியை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். ஹீட்டர் சுருள் இரண்டாவது ரேடியேட்டர்போல வேலை செய்து எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை நம் மேல் கொட்டும். வியர்க்கும், ஆனால் வண்டியை ஓரங்கட்டப் பாதுகாப்பான இடம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க அது உதவும். நின்ற பிறகு, சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

தானியங்கி ஏசி

எண்ணால் வெப்பநிலையைக் காட்டும் தானியங்கி ஏசியில், மேலே சொன்ன கதவுகளையெல்லாம் ஒரு கணினி அசைக்கிறது. 24 என்று வைத்து ஆட்டோ பொத்தானை அழுத்தினால், வேண்டியபோது குளிரையும் சூட்டையும் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். விரைவில் குளிர வேண்டும் என்று 16-க்கு இறக்குவதால் பெரும்பாலும் பயனில்லை. கார் கொதித்துக்கொண்டிருக்கும்போது 24 என்று வைத்தாலும் அது முழு பலத்தோடுதான் குளிர்விக்கும். 16-க்கு இறக்குவதால் நடப்பது, கொஞ்ச நேரம் கழித்து நடுங்கிப்போய் மறுபடி கூட்டுவதுதான். இந்த வகைக் கார்கள் பலவற்றில் டாஷ்போர்டின் மேற்பரப்பில், முன்கண்ணாடியை ஒட்டி, கறுப்பாகச் சிறு குமிழ்போல வெயிலை உணரும் சென்சார் ஒன்று இருக்கும். பிள்ளையார் சிலையோ துண்டோ அதை மறைத்தால், வெளியே வெயில் இல்லை என்று கணினி முடிவுசெய்து குளிரைக் குறைத்துவிடும். பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தால் அவருக்கும் வருத்தமில்லை, ஏசிக்கும் வருத்தமில்லை.

நின்ற காரில் ஏசி

மூடிய ஷெட்டிலோ, சுவரை ஒட்டியோ காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. நின்ற காரைச் சுற்றித் தேங்கும் அது, துருப்பிடித்த ஓட்டைகள் வழியாகவும் காற்று நுழையும் வழிகளிலும் உள்ளே வந்து, தூங்குகிறவரை எழவிடாமல் செய்துவிடும். உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு, ஏனெனில் ஒருமுறை உள்ளே வந்த நஞ்சு அதனால் வெளியேறாமல் சுழலும். களைப்பாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, நிழலில், கண்ணாடிகளைச் சற்று இறக்கி ஓய்வெடுக்க வேண்டும். குழந்தையை "ஏசி ஓடுகிறதே" என்று காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போவதும் கூடாது. ஏதோ ஒரு காரணத்தால் எஞ்சின் நின்றுபோனால், வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி வரை ஏறிவிடும்.

வாடையும் ஃபில்டரும்

ஏசி போட்டவுடன் ஊறிய துணிபோல வாடை வந்தால், ஈரம் காயாத குளிர்சுருளில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று பொருள். வீட்டை அடைவதற்கு மூன்று நான்கு நிமிடங்களுக்கு முன்பே ஏசி பொத்தானை அணைத்து, வெளிக்காற்றுக்கு மாற்றி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருள் காய்ந்துவிடும். பிடித்துவிட்ட பூஞ்சையைப் பட்டறையில்தான் கழுவ வேண்டும். விசிறி 4-இல் இரைந்தும் காற்று மெலிதாக வந்தால் முதலில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது இடப்பக்கப் பயணியின் முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது; பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கழன்று தொங்கும், உள்ளே ஃபில்டரின் மூடி தெரியும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இலைச் சருகும் தூசியும் அடைத்திருப்பதைக் காணலாம். அதைத் தட்டித் திரும்ப வைப்பது ஓரிரு முறை சரி. அதற்குமேல் புதிது போட வேண்டும். போடும்போது அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி, காற்று ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.